சப்பாத்தும் சந்தேகமும்

ஆகாய விமானத்திற் செல்வோர் இக்காலத்திற் பறப்பதற்கு அஞ்சுவதில்லை. பறப்பதற்கு முன்னர் நிற்கவேண்டிய வரிசைக்கே அஞ்சுகின்றனர். முப்பத்தையாயிரம் அடி உயரத்தில், முன்பின் அறியாத ஒருவரின் கையில் உயிரை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உறங்கும் அதே மனிதர், கீழே பரிசோதனைச் சாலையில் ஒரு கையால் இடுப்புப் பட்டியையும் மறுகையாற் கடவுச்சீட்டையும் பற்றிக்கொண்டு, "நான் என்ன குற்றஞ் செய்தேன்?" என்று தம்மைத்தாமே கேட்டுக்கொள்கின்றார்.

பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்ப்பதற்காகக் கடல் கடந்து செல்லும் தாய்தந்தையர் நம்மிடையே இன்று பலர். அவர்கள் திரும்பி வந்து சொல்லும் கதைகளில் நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அடுத்தபடியாக இடம்பெறுவது இந்தப் பரிசோதனைதான். ஆதலால், இது எப்படி உண்டாயிற்று, இதனை நடத்துவோர் யாவர், நாம் படும் அவதியில் எவ்வளவு தேவையானது, எவ்வளவு வீணானது என்பவற்றைச் சிறிது ஆராய்ந்து பார்ப்பது பயனுள்ளதாகும். பெரும்பாலும் அமெரிக்க விமான நிலையங்களைப் பற்றியே இங்கு சொல்லப்போகின்றோம். ஏனைய நாடுகள் பின்பற்றிய விதிகளிற் பல அங்கே உருவாகியவை. அன்றியும், தங்கள் குறைகளைத் தாங்களே பரிசோதித்து அறிக்கை எழுதும் வழக்கம் அங்கே உண்டு.

1972ஆம் ஆண்டின் இறுதிவரை அமெரிக்காவிலே பிரயாணிகள் பெரும்பாலும் பஸ் ஏறுவதுபோலவே விமானம் ஏறினர். வழியனுப்ப வந்த தாயும் தந்தையும் விமானத்துக்குச் செல்லும் கதவுவரை கூடவே நடந்தனர். பெட்டியைத் திறந்து பார்ப்பாரில்லை. பெயரைச் சொன்னாற் போதும், அத்தாட்சி கேட்பாரில்லை. 1971ஆம் ஆண்டு நவம்பர் 24ஆந் திகதி போட்லன்ட் நகரத்தில் ஒருவர் டான் கூப்பர் என்று தம் பெயரைச் சொல்லிக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினார். கறுத்த உடுப்பும் கழுத்துப் பட்டியும் அணிந்த மரியாதையான தோற்றம். விமானம் கிளம்பியபின் பணிப்பெண்ணிடம் ஒரு துண்டுக் கடிதத்தை நீட்டி, தம்மிடம் வெடிகுண்டு இருப்பதாகத் தெரிவித்தார். சியாற்றில் நகரத்தில் 2,00,000 டொலரும் நான்கு பரசூட்டுகளும் பெற்றுக்கொண்டு, பிரயாணிகளை இறங்கவிட்டு, மறுபடி எழுந்த விமானத்தின் பின்புறப் படிக்கட்டு வழியாக இரவிலே குதித்து மறைந்தார். அவர் யாரென்பது இன்றுவரை எவருக்குந் தெரியாது. அமெரிக்க மத்திய துப்பறியும் பகுதியினர் 45 வருடம் தேடிக் களைத்து, 2016இல் அவ்விசாரணையை நிறுத்திக்கொண்டனர்.

இத்தகைய துணிச்சல்களைக் கேட்டுச் சனங்கள் வியந்தனரேயன்றி விழித்துக்கொள்ளவில்லை. 1968ஆம் ஆண்டுக்கும் 1972ஆம் ஆண்டுக்கும் இடையில் நூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்க விமானங்கள் கடத்தப்பட்டன. அவற்றுட் பல கியூபாவுக்குத் திருப்பப்பட்டன. அப்படியிருந்தும், பிரயாணிகளைப் பரிசோதிக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது முதலில் எதிர்த்தோர் விமானக் கம்பெனியினரே. காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய கனவான்களைத் திருடர்போற் சோதித்தால் அவர்கள் மனம் நொந்து வேறு மார்க்கம் பார்ப்பர் என்பது அவர்களுடைய கவலை. அந்தக் கவலையைத் தீர்த்துவைத்தவர்கள் மூன்று பேர். 1972 நவம்பர் 10ஆந் திகதி சதேர்ண் எயர்வேஸ் விமானமொன்றைக் கடத்திய அம்மூவரும், பணந் தராவிடின் ஓக் றிட்ஜ் என்ற இடத்திலுள்ள அணுசக்தி நிலையத்தின்மீது விமானத்தை மோதப்போவதாக மிரட்டினர். அதன்பின் வாதப்பிரதிவாதத்துக்கு இடமிருக்கவில்லை. 1973 ஜனவரி 5ஆந் திகதி முதல் அமெரிக்காவில் விமானமேறும் ஒவ்வொருவரும் பரிசோதிக்கப்படலாயினர்.

அன்று தொடங்கி நடந்துவந்ததைப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். ஒவ்வொரு விதிக்கும் பின்னே குறிப்பிட்ட ஒரு மனிதனோ ஒரு சம்பவமோ நிற்கக் காணலாம். பெட்டியின் சொந்தக்காரர் விமானத்தில் ஏறாவிட்டால் அவருடைய பெட்டியையும் இறக்கிவிடுகின்றனர்; விமானம் அதனாலே தாமதிக்கின்றது; உள்ளே இருப்போர் முணுமுணுக்கின்றனர். இவ்விதியின் விலை என்னவென்று தெரிந்தவர் முணுமுணுக்கமாட்டார். 1985 ஜூன் 23ஆந் திகதி எயர் இந்தியா விமானம் அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேலே வெடித்து 329 பேர் மாண்டனர். குண்டு இருந்த பெட்டியை வன்கூவர் நகரத்தில் ஒப்படைத்தவர் விமானத்தில் ஏறவேயில்லை. றொறொன்ரோவில் அன்று எக்ஸ்றே இயந்திரம் பழுதடைந்திருந்தது. 1988 டிசம்பர் 21ஆந் திகதி ஸ்கொட்லாந்திலுள்ள லொக்கர்பி என்ற ஊரின்மேல் வெடித்த பான் அம் விமானத்திலும் உரியவர் இல்லாத பெட்டியே இருந்தது. விமானத்திலிருந்த 259 பேரோடு தரையிலே தம் வீடுகளில் இருந்த 11 பேரும் இறந்தனர். நமக்கும் இவ்விஷயம் புதிதன்று. 1984 ஆகஸ்ட் 2ஆந் திகதி சென்னை மீனம்பாக்கத்தில் வெடித்த பெட்டிகள், கொழும்பு விமானத்துக்கெனப் பதியப்பட்டு, பிரயாணி ஏறாமையாற் பின்தங்கியவை. 1986 மே 3ஆந் திகதி கட்டுநாயக்காவிலே எயர்லங்கா விமானம் தரையில் நின்றபடியே பிளந்து 21 உயிர்களைக் கொண்டுசென்றதை நம்மிற் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

இவையெல்லாம் அவசியமான விதிகள் பிறந்த கதை. ஆனால் சப்பாத்தின் கதை வேறு மாதிரியானது.

2001 டிசம்பர் 22ஆந் திகதி பாரிசிலிருந்து மயாமிக்குப் பறந்த விமானத்தில் றிச்சட் றீட் என்பவன் தன் சப்பாத்துக்குள் மறைத்து வைத்திருந்த வெடிமருந்துக்குத் தீக்குச்சியாலே நெருப்பு வைக்க முயன்றான். பணிப்பெண்களும் பக்கத்திலிருந்த பிரயாணிகளும் அவனைப் பிடித்துக் கட்டினர். அதனைத் தொடர்ந்து, முதலிற் சிலரிடமும், 2006 ஆகஸ்ட் முதல் யாவரிடமும், அமெரிக்க விமான நிலையங்களிற் சப்பாத்தைக் கழற்றும்படி கேட்கப்பட்டது. 2011இல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும், 2012இல் 75 வயதைக் கடந்தோருக்கும் விலக்களித்தனர். ஏனையோர் 2025 ஜூலைவரை கழற்றிக்கொண்டேயிருந்தனர். ஒரு மனிதன் ஒரு நாள் செய்து தோற்றுப்போன காரியத்துக்காகப் பத்தொன்பது வருடம் கோடிக்கணக்கான மக்கள் காலுறையோடு நின்றார்கள். ஐரோப்பாவிலே பெரும்பாலான நாடுகளில் எல்லோரையும் அப்படிக் கழற்றச் சொல்லவில்லை. அங்குள்ள விமானங்கள் அதனால் வீழ்ந்துவிடவுமில்லை.

இதற்கிடையில் 2013 முதல் அமெரிக்க அரசாங்கம் ஒரு வசதியையும் விற்கலாயிற்று. 85 டொலர் கட்டி, கைவிரல் அடையாளங் கொடுத்து, நன்னடத்தையுடையவர் என்று பதிந்துகொண்டால் ஐந்து வருடத்துக்குச் சப்பாத்தையும் இடுப்புப் பட்டியையும் கழற்றாமல் வேறு வரிசையாற் செல்ல அப்போது இயன்றது. சந்தேகத்துக்கும் விலை குறித்துவிட்டார்களே என்று சிலர் நகைத்தனர். நகைத்தவரிற் பலரும் பின்னர் அந்த 85 டொலரைக் கட்டினர்.

திரவங்களின் கதையும் இதுபோன்றதே. 2006 ஆகஸ்ட் 10ஆந் திகதி, குளிர்பானப் போத்தல்களில் வெடிதிரவம் நிரப்பி விமானங்களைத் தகர்க்கச் செய்யப்பட்ட சதியொன்றை இங்கிலாந்துப் பொலிசார் வெளிப்படுத்தினர். அதனை முறியடித்தது விமான நிலையத்துப் பரிசோதனையன்று, பொலிசாரின் நீண்டநாள் வேவு என்பது நினைவில் வைக்கத்தக்கது. அதனைத் தொடர்ந்து 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தல் எதுவும் கைப்பெட்டியிற் செல்லவியலாது என்றாயிற்று. எத்தனை அம்மாமாரின் ஊறுகாய்ப் போத்தல்கள் அந்தத் தொட்டிகளுள் வீழ்ந்திருக்கும்! புதிய வகை எக்ஸ்றே இயந்திரங்கள் போத்தலுக்குள் இருப்பது இன்னதென்று ஓரளவு பிரித்தறியவல்லன. ஆதலால் 2025 ஜூலையில் எடின்பரோவும் பேமிங்ஹாமும் இரண்டு லீற்றர் வரை அனுமதிக்கத் தொடங்கின. ஆனால் ஓரிடத்தில் அனுமதித்தது மற்றோரிடத்திற் குற்றமாகின்றது. புறப்படும் இடத்தில் "எடுக்கவேண்டாம், உள்ளேயே இருக்கட்டும்" என்று அதட்டுகின்றார்கள். விமானம் மாறும் இடத்தில் "ஏன் வெளியே எடுக்கவில்லை?" என்று அதட்டுகின்றார்கள். பிரயாணியின் கோபத்திற் பாதி, விதியினால் உண்டாவதன்று. விதி இன்னதென்று தெரியாமையினால் உண்டாவது.

இனி, இவ்விதிகளை நடத்துவோரைப் பார்ப்போம். வைவதற்கு எளிதில் அகப்படுவோர் இவர்கள்தாம்.

2001 செப்டெம்பர் 11ஆந் திகதிக்கு முன்னர் அமெரிக்காவிற் பரிசோதனை வேலை விமானக் கம்பெனியினர் கூலிக்கு அமர்த்திய தனியார் நிறுவனங்களின் கையில் இருந்தது. மிகக் குறைந்த சம்பளம். 1998 மே முதல் ஒரு வருட காலத்தில், பத்தொன்பது பெரிய விமான நிலையங்களில் ஆட்கள் விட்டுப்போன வீதம் சராசரி நூற்றுக்கு 126 என்று அந்நாட்டுக் கணக்காய்வுத் திணைக்களம் எழுதியது. அதாவது, நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு வருடத்துக்குள் 126 பேர் வந்து வந்து போய்விட்டனர். பக்கத்திலிருந்த சிற்றுண்டிச் சாலையில் இதைவிடக் கூடுதலான கூலி கிடைத்ததாம். அக்கொடிய நாளுக்குப் பின் இவர்கள்மீது பழி சுமத்தப்பட்டது. ஆனால் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த கத்தியைக் கொண்டுசெல்ல அந்நாளைய விதியே இடங்கொடுத்திருந்தது என்பதை வைதவர்களிற் பலர் அறியார்.

அவ்வாண்டு நவம்பர் 19ஆந் திகதி கையொப்பமிடப்பட்ட சட்டத்தினால் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற புதிய திணைக்களம் தோன்றியது. பரிசோதகர்கள் அரசாங்க ஊழியராயினர். பின்னர் "அதிகாரி" என்ற பெயரும், 2008இல் நீலச் சட்டையும் உலோகச் சின்னமும் அவர்களுக்குக் கிடைத்தன. தூரத்தில் நின்று பார்த்தாற் பொலிஸ்காரர் போலவே தோற்றம். ஆனால் ஒருவரைக் கைதுசெய்யும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. சின்னம் மார்பில் ஏறியதும் குரலும் ஒரு படி ஏறியது என்று குறைகூறுவோர் உண்டு. சம்பளமோ அவ்வாறு ஏறவில்லை. ஏனைய மத்திய அரசாங்க ஊழியருக்கு ஒப்பான சம்பளம் அவர்களுக்கு 2023 ஜூலையிலேதான் கிடைத்தது. வரவுசெலவுச் சண்டையில் அரசாங்கம் ஸ்தம்பித்த போதெல்லாம், 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாளும், 2025 ஒக்டோபரில் தொடங்கி 43 நாளும், இவர்கள் சம்பளமின்றி வேலைக்கு வரவேண்டியிருந்தது. 2019 ஜனவரி 20ஆந் திகதி பத்துப் பேரில் ஒருவர் வேலைக்கு வரவில்லை. வரவில்லையே என்று கோபிப்பதா, ஒன்பது பேர் வந்தார்களே என்று வியப்பதா?

இவர்கள் செய்யும் வேலை என்ன? எக்ஸ்றேத் திரையின் முன்னே அமர்ந்து, ஓடும் பட்டியில் வரும் பெட்டிகளைப் பார்ப்பது. திரையில் உலோகம் நீலமாகவும், உணவு, துணி, கடதாசி முதலியன செம்மஞ்சளாகவும், இடைப்பட்டவை பச்சையாகவும் தோன்றும். வெடிமருந்தும் செம்மஞ்சள்தான், நாம் பேரப்பிள்ளைக்கென்று கட்டிக் கொண்டுபோகும் பனங்கட்டியும் செம்மஞ்சள்தான். நெருக்கமாக அடுக்கிய புத்தகமும் அதே நிறம். ஆதலால் பெட்டியைத் திறக்கச் சொல்லும்போது, "என் முகத்தைப் பார்த்துச் சந்தேகிக்கிறான்" என்று எப்போதும் எண்ணவேண்டியதில்லை. அவன் பார்த்தது பனங்கட்டியை. கைகளைத் துணியால் ஒற்றி இயந்திரத்தில் வைத்துப் பார்க்கும்போது மணி அடிப்பதுமுண்டு. கிளிசரின் கலந்த கைப்பூச்சுக்குக்கூட அவ்வியந்திரம் கூக்குரலிடும்.

ஹார்வாட் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜெரமி வுல்ஃப் என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டத்தினரும் 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. படங்களுக்குள் மறைந்திருக்கும் ஒரு பொருளைத் தேடும்படி சிலரைக் கேட்டனர். இரண்டு படத்துக்கு ஒன்றில் அப்பொருள் இருந்தபோது, தேடியவர்கள் அதனை நூற்றுக்கு 7 தடவையே தவறவிட்டனர். நூறு படத்துக்கு ஒன்றில் மட்டும் இருந்தபோது, நூற்றுக்கு 30 தடவை தவறவிட்டனர். அரிதாக வருவதைக் கண் காணாது விட்டுவிடுகின்றது. அது சோம்பலன்று, மனித மூளையின் சுபாவம். விமானப் பரிசோதகர் தேடும் வெடிகுண்டோ நூற்றுக்கு ஒன்றன்று, ஆயுள் முழுவதும் அவர் திரையில் வாராதது. ஆகவேதான் கண் தூங்காதிருக்கும்படி இயந்திரமே இடையிடையே பொய்த் துவக்கையும் பொய்க் குண்டையும் பெட்டிக்குள் இருப்பதுபோற் காட்டுகின்றது. ஐரோப்பிய விதியின்படி ஒருவர் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் திரையைப் பார்க்கலாகாது.

இத்தனை ஏற்பாடு செய்தும் பலன் என்ன? 2015இல் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் இரகசியச் சோதனையாளர்கள் பிரயாணிகள்போல் வேடமிட்டு, போலி வெடிகுண்டும் ஆயுதமும் மறைத்துக்கொண்டு எழுபது தடவை உள்ளே செல்ல முயன்றதாகவும், அறுபத்தேழு தடவை எவராலும் தடுக்கப்படாமற் சென்றதாகவும் செய்தி வெளியாயிற்று. பதில் தலைவராக இருந்தவர் உடனே மாற்றப்பட்டார். மறுபுறத்தில், 2024ஆம் ஆண்டில் மாத்திரம் பிரயாணிகளின் கைப்பெட்டிகளில் அகப்பட்ட துப்பாக்கிகள் 6,678. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை குண்டேற்றியவை. கொண்டுவந்தோர் பெரும்பாலும் பயங்கரவாதிகளல்லர். "பெட்டியில் இருந்ததை மறந்துவிட்டேன்" என்று சொன்ன கனவான்கள். துப்பாக்கியை மறந்துபோகும் மனிதர் உள்ள நாட்டில் ஊறுகாயைத் தேடுகிறார்களே என்று நமக்குத் தோன்றும். இரண்டையும் ஒரே கண்தான் தேடவேண்டியிருக்கிறது என்பதே தொல்லை.

பாதுகாப்பு விஷயத்தில் வல்லவரான புறூஸ் ஷ்னையர் என்பவர் 2003இல் வெளியிட்ட நூலொன்றில் இத்தகைய ஏற்பாடுகளுக்குப் "பாதுகாப்பு நாடகம்" என்று பெயரிட்டார். ஆபத்தைக் குறையாமல், ஆபத்து குறைந்தது என்ற உணர்ச்சியை மட்டும் உண்டாக்குவது நாடகமாம். 2001க்குப் பின் உண்மையாகப் பயன் தந்தவை இரண்டே என்பது அவர் கருத்து: விமானி இருக்கும் அறையின் கதவை உறுதியாக்கியது ஒன்று; பிரயாணிகள் இனி எதிர்த்து நிற்பார்கள் என்பது மற்றொன்று. றீட் என்பவனையும், 2009 நத்தார் தினத்தன்று டெற்றொயிற் நகரத்துக்குச் சென்ற விமானத்தில் உள்ளாடைக்குள் வெடிமருந்து வைத்திருந்த இளைஞனையும் பிடித்தோர் பிரயாணிகளும் விமானப் பணியாளருமே என்பதை நோக்குமிடத்து, அவர் சொல்வதில் நியாயமுண்டு. ஆயினும், பரிசோதனை பெரும்பாலும் இல்லாத 1971ஐயும் நாம் பார்த்துவிட்டோம். வாயிற்கதவைப் பூட்டுவதாலே கள்ளன் வரவே மாட்டான் என்பதில்லை; ஆனாலும் பூட்டாமல் எவர் உறங்குகின்றார்?

அந்த உள்ளாடை இளைஞனாலே பரவியவைதாம் உடலை ஊடுருவிப் பார்க்கும் இயந்திரங்கள். 2010இல் வந்த ஒருவகை இயந்திரம் ஆடையின் கீழுள்ள உடம்பின் உருவத்தையே திரையிற் காட்டிற்று. பெண்கள் கொதித்தெழுந்தனர்; ஆண்களுங்கூட. 2013இல் அவ்வகை அகற்றப்பட்டது. இப்போதுள்ளது மில்லிமீற்றர் அலைகளைப் பாய்ச்சி, ஐயத்துக்குரிய இடத்தை ஒரு பொம்மைப் படத்தின்மேல் மஞ்சட் கட்டமாகக் காட்டுவது. தடித்த கூந்தலையும், தலைப்பாகையையும், தளர்ந்த ஆடையின் மடிப்பையும் அது ஐயுறும். ஐயுற்றாற் கையாலே தடவிப் பார்ப்பார்கள். 2010 இறுதியில் அத்தடவலும் கடுமையாக்கப்பட்டது. அக்காலத்தில் டெற்றொயிற் விமான நிலையத்தில், புற்றுநோயிலிருந்து மீண்டு, வயிற்றிற் சிறுநீர்ப் பை பொருத்தப்பட்டிருந்த ஒரு முதியவர் பரிசோதிக்கப்பட்டார். பையைப் பற்றி அவர் எடுத்துச் சொல்ல முயன்றதைக் கேளாமல் அழுத்தித் தடவியதனாற் பையின் மூடி கழன்று, சிறுநீர் ஆடை முழுவதும் நனைத்துவிட்டது. அந்த நனைந்த ஆடையோடே அவர் தமது விமானத்துக்கு நடந்தார். திணைக்களத்தின் தலைவர் பின்பு அவரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டார். அந்த முதியவரின் குறை பரிசோதித்தார்கள் என்பதன்று. சொல்லியதைக் காதிற் போட்டுக்கொள்ளவில்லை என்பதே.

இதனை எழுதும்போது எங்கள் மாமி ஒருவரின் நினைவு வருகின்றது. சில வருடங்களுக்கு முன், சப்பாத்து விதி நடைமுறையில் இருந்தபோது, மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் அவரை அமெரிக்க விமான நிலையமொன்றில் நான் கூட்டிவந்தேன். அவருக்கு வயது 72. விலக்குப் பெற இன்னும் மூன்று வருடம் வேண்டும். "கோயில் வாசலிலை கழற்றுறது சரி தம்பி, இஞ்சை என்ன தெய்வம் இருக்கெண்டு கழற்றச் சொல்லுகினம்?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து கழற்றினார். முழங்காலில் உலோக மூட்டு வைத்தவர், குனிவது சுலபமன்று. முன்னாலே நின்ற பரிசோதகர் இளைஞர், ஆங்கிலத்திற் "கைகளை உயர்த்துங்கள்" என்று ஒருமுறை சொன்னார். மாமிக்கு விளங்கவில்லை. அதையே இரண்டு மடங்கு உரக்கச் சொன்னார். விளங்காத பாஷை உரக்கச் சொன்னால் விளங்கிவிடும் என்பது உலகெங்குமுள்ள உத்தியோகத்தரின் நம்பிக்கை போலும். இயந்திரம் முழங்காலிலும், சேலையின் கொய்யகத்திலும், மார்பிலும் மஞ்சட் கட்டம் காட்டியது. மார்பில் இருந்தது தாலிக்கொடி. இளைஞர் தம் கழுத்தைத் தொட்டுக் காட்டி ஏதோ சைகை செய்தார். மாமியின் முகம் வெளுத்துவிட்டது. "தம்பி, கொடியைக் கழற்றட்டாமோ? நான் கழற்றமாட்டன், நான் திரும்பி மகள் வீட்டை போறன்" என்றார்.

அப்போது வயது சென்ற பெண் பரிசோதகர் ஒருவர் வந்தார். கதிரை ஒன்றை இழுத்து மாமியை இருத்தினார். என்னைப் பார்த்து, "நான் சொல்வதை ஒவ்வொன்றாக உங்கள் பாஷையிற் சொல்லுங்கள். எதனையும் கழற்றத் தேவையில்லை. புறங்கையால் மட்டும் தொட்டுப் பார்ப்பேன். தொடுமுன் சொல்வேன்" என்றார். அவ்வாறே செய்தார். தாலியைக் கண்டதும் "திருமணச் சின்னமா?" என்று கேட்டு, தமது மோதிரத்தைக் காட்டிப் புன்னகை செய்தார். எல்லாம் நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இளைஞருக்கும் அவருக்கும் விதிப்புத்தகம் ஒன்றே. மஞ்சட் கட்டங்களும் அவையே. அந்த இளைஞரைக் குறைகூறவும் எனக்கு முழுமனதில்லை. அவர் பின்னால் நூற்றைம்பது பேர் நின்றனர். ஒரு கிழவிக்கு நான்கு நிமிடம் கொடுத்தால் மேலதிகாரி கேள்வி கேட்பார். வரிசையின் நீளத்தை அளப்பார் உண்டு. வார்த்தையின் இனிமையை அளப்பார் எவருமில்லை.

பிரயாணிகளின் பக்கத்திலும் குறையில்லாமல் இல்லை. ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, தட்டின் முன்னே வந்த பிறகே சட்டைப் பையைத் துழாவத் தொடங்குவோர் பலர். துழாவியெடுத்த சில்லறையைத் தட்டிலே மறந்து ஓடுவோரும் பலர். 2019ஆம் நிதியாண்டில் அவ்வாறு மறந்துவிடப்பட்ட நாணயங்களின் தொகை 9,26,000 டொலருக்கு மேல். அதனைப் பாதுகாப்புச் செலவுக்கே எடுத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகின்றது. "என் பெட்டியில் குண்டு இருக்கிறது" என்று பகிடி விடும் வாலிபரைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை. அவர்கள் விமானத்தைத் தவறவிட்டபின் தாமே திருந்துவர்.

அமெரிக்காவுக்குப் பிள்ளைகளிடம் போகவிருப்போர் சில விஷயங்களைத் தெரிந்திருப்பது நன்று. மிளகாய்த்தூள், சரக்குத்தூள், சத்துமா முதலியவற்றைக் கையிற் கொண்டுசெல்லாமல் உள்ளே போகும் பெரிய பெட்டியில் வையுங்கள். 2018 ஜூன் 30ஆந் திகதி முதல், அந்நாட்டுக்குச் செல்லும் விமானங்களில் 350 மில்லிலீற்றர் அளவுக்கு மேற்பட்ட தூள்வகைகளுக்குக் கைப்பெட்டியில் மேலதிக பரிசோதனை உண்டு. ஐயம் தீராவிடின் அங்கேயே விட்டுச் செல்லவேண்டும். ஊறுகாய், நல்லெண்ணெய், தேன் யாவும் திரவமென்றே கணிக்கப்படும். குழந்தைக்குரிய பாலுக்கும் வைத்தியர் தந்த மருந்துக்கும் அந்த 100 மில்லிலீற்றர் எல்லை இல்லை. ஆனால் முன்கூட்டியே எடுத்துக் காட்டிச் சொல்லவேண்டும். முழங்கால் மூட்டோ இருதயக் கருவியோ உடம்பில் இருந்தால், தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். உதவி தேவைப்படும் முதியோருக்காக 72 மணித்தியாலத்துக்கு முன்னர் தொலைபேசியில் அறிவிக்கும் ஏற்பாடொன்றையும் அத்திணைக்களம் 2011 முதல் நடத்துகின்றது; பிள்ளைகள் அங்கிருந்தே அதனைச் செய்துவிடலாம்.

தடவிப் பார்க்கவேண்டுமென்று சொன்னால், பெண்ணைப் பெண்ணே பரிசோதிக்கவேண்டும் என்று கேட்கலாம். பலர் முன்னிலையில் வேண்டாம், தனியறையில் வேண்டும் என்றும் கேட்கலாம். அந்த அறைக்குள் மகளையோ மருமகளையோ உடன் அழைத்துச் செல்லவும் உரிமையுண்டு.